தலைத்துண்டும் கொண்டைக் குல்லாவும்

கொண்டை போட்ட தலையை எப்படி மூடுவது? முடியை அவிழ்க்கக் கூடாது, கொண்டையை நசுக்கக் கூடாது, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மூடியது நழுவக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பெண்கள் கண்டுபிடித்த இரண்டு விடைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில் நம் பெண்கள் பால்வெட்டப் போகையில் கட்டிக்கொண்ட தலைத்துண்டு. மற்றது, கொண்டை வெளியே வர உச்சியில் வழிவிட்டு, குரோஷா ஊசியால் ஒரே மாலைப்பொழுதில் பின்னி முடிக்கிற உல்லன் குல்லா.

தலைத்துண்டு கட்டுவதை ஒரு கலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. குல்லாவுக்கோ கண்ணிக் கணக்கோடு செய்முறைகள் ஏராளம். லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களில் இன்று குரோஷா பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விற்பவர்களும் உண்டு. அவர்கள் பார்த்துப் பின்னும் செய்முறை குளிர்நாட்டுத் தலைக்காக எழுதப்பட்டது. தங்கள் பாட்டிமார் தலையில் என்ன கட்டினார்கள், அது ஏன் நழுவாமல் நின்றது என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்தால், பின்னல் வேறு மாதிரி வரும் என்பது என் எண்ணம்.

முதலில் துண்டு.

பால்வெட்டு இருட்டில் தொடங்கும் வேலை. ரப்பர் மரத்தின் பால்நாளங்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் தணியும், பாலும் குறையும். அதனால்தான் கோழி கூவும் முன்னே எழுந்து, சோறு பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. காட்டுக்குள் போகும்போது நெற்றியில் விளக்கு. முன்பு கார்பைட் விளக்கு, பின்னாளில் பேட்டரி விளக்கு. கொசுவுக்காக இடுப்பில் புகையும் கொசுவத்திச் சுருள். சேலை அல்லது கைலிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழுக்கை. இவற்றோடு தலையில் துண்டு.

ஆளுக்கு 400, 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை இடமிருந்து வலமாகச் சரிவாகச் சீவ வேண்டும். வெட்டு பட்டையில் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வரும். தூருக்கு அருகில் வந்துவிட்டால் முதுகை வளைத்து, முகம் தரையைப் பார்க்க நின்று வெட்ட வேண்டும். சீவிய கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், விளக்கின் ஒளி அதன்மேல் அசையாமல் விழ வேண்டும். தலையில் இருப்பது ஒரு விரற்கடை முன்னுக்கு வந்தாலும் கண் மறையும். கத்தி ஆழமாகப் போய்விட்டால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயப்பட்டு மரம் கெடும். மேற்பார்க்கும் மண்டோரிடம் பேச்சு வாங்க வேண்டும். ஆக, காலையில் நானூறு தடவைக்குமேல் குனிந்து நிமிரும் ஒரு தலைக்கு நழுவாத மூடுதுணி தேவைப்பட்டது.

அதைத் துண்டு எப்படிச் சாதித்தது? துணியின் நடுப்பகுதியை நெற்றிமேல் வைத்து, இரு முனைகளையும் காதோரமாகப் பின்னுக்குக் கொண்டுபோய், பிடரியில் கொண்டைக்குக் கீழே குறுக்காக மாற்றி முடிச்சுப் போடுவார்கள். மிச்சத் துணி கொண்டைமேல் தளர்வாகத் தொங்கும், அல்லது முடிச்சுக்குள் செருகப்படும். அதற்கு மேலே விளக்கின் வார். இந்தக் கட்டில் நான் வியப்பது முடிச்சு விழும் இடத்தைத்தான். முடிச்சு கொண்டைக்கு அடியில் இருப்பதால் துணி மேலே ஏற முடியாது, கொண்டை தடுத்துவிடும். தலையைத் தாழ்த்தும்போது துணியை முன்னுக்குத் தள்ளும் விசையைப் பிடரிக் கொண்டை தாங்கிக்கொள்கிறது. நீண்ட முடியை அள்ளி முடிந்த ஒரு கொண்டைதான் இந்தத் தலைக்கட்டின் முளை. ஊசி, பொத்தான், இழுவை எதுவும் இல்லாமல் துணி நின்றது அதனால்தான்.

அதே துண்டுக்கு வேறு வேலைகளும் இருந்தன. பால் முடியில் தெறித்தால் உறைந்து இழையோடு இழையாக ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தேய்த்து உருவி எடுக்க வேண்டும், அப்போதும் சில முடி பிய்ந்து வரும். துண்டு அந்தத் தெறிப்பை வாங்கிக்கொண்டது. மரத்திலிருந்து விழும் எறும்பையும் சுள்ளியையும் வாங்கிக்கொண்டது. பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துப் போட்டபின், விறகுக் கட்டு தூக்க அதையே சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொள்வார்கள். மதியத்துக்குள் வியர்வையில் நனைந்துவிடும். லயத்து வீட்டுக்கு வந்து பீலிக் குழாயில் அலசிக் கொடியில் போட்டால் அடுத்த விடியலுக்கு முன் காய்ந்திருக்கும்.

தலைத்துண்டு சிக்கனத்தாலும் விளைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1920களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களுக்கு மலாயாவில் நிர்ணயிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது அது 40, 32 என்று இறங்கியது. 32 காசில் அரிசியும் மிளகாயும் போக, தலைக்கென்று தனியாக ஒன்று வாங்குவது யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. கிழிந்த சேலையின் நல்ல பாகம் தலைத்துண்டானது. ஜப்பானியர் காலத்தில் துணிப் பஞ்சம் வந்து, கோணிச் சாக்கை உடுத்த வேண்டிய நிலை வந்தபோது அந்த நல்ல பாகமும் அரிதாகிவிட்டது.

அதே காலத்தில் தோட்டத்துப் பெண்களில் சிலர் தலையில் உண்மையான தொப்பி ஏறியது என்பதையும் இங்கே நினைக்கிறேன். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில், இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சீருடைத் தொப்பி அணிய வேண்டியிருந்தது; பலர் நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். அவர்கள் விரும்பித் தேர்ந்த வழி அது, பெருமைக்குரியதும்கூட. ஆனால் தொப்பியை வடிவமைத்தவர்கள் நீண்ட முடியுள்ள ஒரு தலையை மனத்தில் வைத்திருக்கவில்லை என்பதும் அதில் தெரிகிறது. தொப்பி மாறவில்லை, முடி மாற வேண்டியிருந்தது. பின்னாளில் செனவாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மின்னணுத் தொழிற்சாலையில் முடி இழை ஒன்றும் வெளியே தெரியாதபடி துணிக்குல்லாவுக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றார்கள்.

அந்தப் பின்னணியில் பார்த்தால், கொண்டைக்கென்றே வழிவிட்டுப் பின்னப்படும் குல்லா எனக்கு மகிழ்ச்சி தருகிற ஒரு கண்டுபிடிப்பு. இங்கே முடி மாற வேண்டியதில்லை, தொப்பிதான் மாறியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2016ஆம் ஆண்டின் இறுதிக் குளிர்காலத்தில் இது காட்டுத்தீயாகப் பரவியது. உச்சியில் அவசரமாகச் சுருட்டி முடியும் கலைந்த கொண்டை அங்கே அப்போதைய மோஸ்தர். வழக்கமான உல்லன் குல்லாவைப் போட்டால் அது நசுங்கிப் போகும். எனவே குல்லாவின் உச்சியைத் திறந்துவிட்டார்கள்.

குரோஷா நம் பெண்களுக்குப் புதியதன்று. ஐரிஷ் பஞ்சக் காலத்தில் அயர்லாந்துப் பெண்களுக்குப் பிழைப்புக் கொடுத்த இந்த ஒற்றை ஊசிப் பின்னல், 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியே கோதாவரிக் கரைக்கு வந்து நரசாபூரில் வேர்விட்டது. நரசாபூர் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. தோட்ட வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, நிலைக்கு உல்லன் தோரணம், குழந்தைக்குக் குல்லா என்று பின்னிப் போட்ட கைகள் உண்டு. நெகிரி செம்பிலானில் அடுத்த கம்பத்து (கிராமத்து) மலாய் ஆண்கள் தொழுகைக்குப் போடும் கோப்பியா எனும் வெள்ளைக் குல்லாக்களிலும் கையால் குரோஷா பின்னியவை இருக்கின்றன. கோப்பியா நடுவில் சிறு வளையத்தில் தொடங்கி, வட்டத் தட்டாக விரிந்து, பிறகு விளிம்புச் சுவராக இறங்கும். கொண்டைக் குல்லாவும் அதே பயணம்தான். நடுவளையம் மட்டும் மூடாமல் நிற்கும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நடுத்தரக் கனமுள்ள உல்லன் அல்லது அக்ரிலிக் நூல் 100 கிராம் பந்து ஒன்று போதும். ஊசி 5 மி.மீ. முடிக்குப் போடும் சாதாரண ரப்பர் வளையம் ஒன்று வேண்டும்; அதுதான் திறப்பின் விளிம்பு. நூலை அந்த வளையத்தில் முடிந்து, வளையத்தையே அடித்தளமாகக் கொண்டு அதைச் சுற்றி 32 ஹாஃப் டபுள் கண்ணிகள் போட வேண்டும். அடுத்த சுற்றில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் இரண்டாகப் போட்டால் 48 வரும். அதற்கடுத்த சுற்றில் மூன்றுக்கு ஒன்றில் இரண்டாகப் போட்டால் 64. அதன்பின் கூட்டுவதை நிறுத்திவிட்டு 64 கண்ணியிலேயே சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். மொத்த உயரம் 17, 18 செ.மீ. வந்ததும் கடைசி இரண்டு சுற்றை விளிம்புப் பின்னலாக முடிக்கலாம். 64 கண்ணி ஏறத்தாழ 49 செ.மீ. சுற்றளவு தரும். பெண்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ.; குல்லா அதைவிடக் குறைவாக இருந்தால்தான் இழுபட்டுப் பற்றிக்கொள்ளும். எல்லாமாக ஆயிரம் கண்ணிக்குச் சற்று மேல். நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி போடும் கைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடியும். பழைய பிரிட்டிஷ் பின்னல் புத்தகம் கையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் டபுள் என்று சொல்வதை அமெரிக்கச் செய்முறை சிங்கிள் என்கிறது, ஹாஃப் டபுள் அவர்களுக்கு ஹாஃப் டிரெபிள். கலந்துவிட்டால் குல்லாவின் அளவு தவறும்.

இனி இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

முதல் வேறுபாடு கொண்டை எங்கே இருக்கிறது என்பது. குல்லாவின் திறப்பு உச்சந்தலையில். தோட்டத்துப் பெண்ணின் கொண்டை பிடரியில். நம் பெண்கள் உச்சியிலும் பக்கவாட்டிலும் கூந்தலை முடிந்ததுண்டு. ஐம்பால் என்று கூந்தல் முடிப்பை ஐந்து வகையாகப் பிரித்துச் சொன்ன மரபு நம்முடையது. ஆனால் நெற்றி விளக்கோடு குனிந்து வேலை செய்கிறவளுக்கு உச்சிக் கொண்டை ஒத்துவராது. மேலும், எண்ணெய் வைத்து வாரிய அடர்த்தியான நீண்ட முடியை உச்சியில் தூக்கி வைத்தால் அரை மணி நேரத்தில் அது தன் எடையாலேயே சரியும், வேர்க்கால்கள் வலிக்கும். பிடரியில் இருந்தால் எடை கழுத்தெலும்பை ஒட்டி இறங்கிவிடுகிறது. இன்றும் ஐம்பது வயது தாண்டிய நம் பெண்களில் பெரும்பாலோர் கொண்டை போடுவது அங்கேதான். அவர்களுக்கு இந்தக் குல்லாவைப் பின்னிக் கொடுத்தால் உச்சியில் திறப்பு வெறுமையாக நிற்கும். கொண்டையோ பின்விளிம்பை முட்டி மேலே தள்ளும். செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒருத்தியின் உழைப்பு அங்கே வீணாகிறது. அவள் கையில் குறையில்லை. ஓட்டை இடம் மாறி இருக்கிறது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் அடிப்படையானது. துண்டுக்குக் கொண்டைதான் பிடிமானம். கொண்டை இல்லாவிட்டால் அந்தக் கட்டு நிற்காது. முடியை வெட்டிக்கொண்டவள் அதே துண்டை வேறு விதமாகக் கட்ட வேண்டும். குல்லாவுக்குக் கொண்டை ஒரு விருந்தாளி. வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது, ஆனால் அதை நம்பி நிற்கவில்லை. தலையைச் சுற்றிய பின்னலின் இழுவையை நம்பி நிற்கிறது. இழுவை தளர்ந்தால் குல்லா கழலும். அக்ரிலிக் நூல் சில மாதம் இழுபட்டபின் விரிந்துகொடுக்கும். பருத்தி நூல் முதல் நாளே விரிந்து அப்படியே நின்றுவிடும். முடிச்சுக்கு அந்தக் கவலை கிடையாது. தளர்ந்தால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். தாய் கட்டியதை மகள் கட்டலாம். ஒரே துண்டு எல்லாத் தலைக்கும் பொருந்தும். குல்லா ஒரு தலைக்கென அளந்து பின்னியது.

அந்த அளந்து பின்னுவதில்தான் குல்லாவின் பெருமையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மெல்பர்னில் படிக்கும் மகளுக்காக ஒரு தாய் சிரம்பானில் உட்கார்ந்து பின்னும்போது, அவளுடைய தலை எவ்வளவு, முடி எவ்வளவு, எந்த நிறம் அவளுக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் கண்ணிக்குள் போகிறது. துண்டில் இவ்வளவு தனிமை கிடையாது. கடையில் வாங்கும் குல்லாவிலும் கிடையாது.

மூன்றாவது, அந்த ரப்பர் வளையம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். முடிக்குப் போடும் வளையத்தின் துணியுறைக்குள் இருப்பது ரப்பர் இழை. செறிவாக்கிய ரப்பர்ப் பாலோடு கந்தகம் முதலியவற்றைக் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழல்கள் வழியே அசிட்டிக் அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சுவார்கள். அமிலம் பட்டதும் பால் இழையாக உறையும். அதைக் கழுவிக் காயவைத்துச் சூடேற்றி வலுவாக்குவார்கள். தோட்டத்து ஸ்டோரில் பாலில் அமிலம் ஊற்றிக் கட்டியாக்கித் தகடாக இழுத்த வேலையின் உறவுதான் இது. உலகில் ரப்பர் இழை செய்யும் நாடுகளில் மலேசியா முன்னணியில் நின்றது. 1992இல் அமெரிக்கா மலேசிய ரப்பர் இழைமீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கும் அளவுக்கு அந்த ஏற்றுமதி பெருகியிருந்தது. இன்று மலேசியத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்து வருகிறது. நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது, அல்லது நீலாய்ப் பக்கம்போல வீடுகள் நிற்கின்றன. எந்த வளையத்தில் எந்தத் தோட்டத்துப் பால் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. ஆனால் பால் வெட்டிய பெண்ணின் கைவேலையை நடுவில் வைத்துத்தான் கொண்டைக் குல்லா பின்னப்படுகிறது என்பதைப் பின்னுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதே ரப்பர்தான் நம் தலையில் குல்லாவின் பலவீனமும் ஆகிறது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெயை உறிஞ்சி ஊதி, வலுவிழந்து, கடைசியில் அறுந்துபோகும். வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். எண்ணெய் தேய்க்காத முடிக்குப் பின்னிய குல்லாவில் வளையம் சில குளிர்காலம் தாங்கலாம். தேங்காய் எண்ணெய் வைத்து வாரும் தலையில் அவ்வளவு தாங்காது. வளையத்தின்மேலேயே பின்னியிருப்பதால் அதை மாற்றவும் முடியாது, முழுக் குல்லாவையும் பிரிக்க வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. வளையத்தை விட்டுவிட்டு 32 செயின் போட்டு வட்டமாகச் சேர்த்து அதில் முதல் சுற்றைப் பின்னிக்கொள்ளுங்கள். முடிந்தபின் அந்த விளிம்பின் கண்ணிகள் வழியே மெல்லிய இழுகயிறு ஒன்றைக் கோத்துவிடுங்கள். கொண்டையின் பருமனுக்கு ஏற்ப இறுக்கலாம், தளர்த்தலாம். கயிறு கெட்டால் வேறு கோக்கலாம். கட்டி இறுக்குவது என்ற துண்டின் அறிவு இப்படிக் குல்லாவுக்குள் வருகிறது.

வெப்பத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சிரம்பான் பக்கம் விடியலிலேயே 23, 24 டிகிரி. நடுப்பகலில் 32, 33. அக்ரிலிக் தன் எடையில் 2 விழுக்காடு ஈரத்தைக்கூட வாங்குவது அரிது. பருத்தி 8 விழுக்காடு வரை காற்றிலிருந்தே வாங்கிக்கொள்ளும். வியர்க்கிற தலைக்கு எது வேண்டும் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. உல்லன் குல்லா இங்கே கேமரன் மலைக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு, வெளியூரில் வாழும் பிள்ளைகளுக்கு. உள்ளூர்ப் பயன்பாட்டுக்கென்றால் நூலையே மாற்ற வேண்டும்.

துண்டைப் புகழ்ந்துகொண்டே போய்விடக் கூடாது. அதற்கு ஒரு கொடிய எல்லை இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின், வெளிக்காட்டு வேலையில் பெண்களுக்கு விழுந்தவை உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது, மருந்தடிப்பது. முதுகில் தொட்டியோடு களைக்கொல்லி தெளித்த பெண்கள் தலையிலும் முகத்திலும் அதே துண்டைத்தான் சுற்றிக்கொண்டார்கள். வியர்வையை வாங்குகிற பருத்தி மருந்துச் சாரலையும் வாங்கும். வாங்கியதை மணிக்கணக்கில் நெற்றியிலும் கன்னத்திலும் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். பால்வெட்டில் காப்பாக இருந்த குணமே இங்கே நஞ்சைத் தோலில் பிடித்துவைக்கும் குணமாயிற்று. பாரகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த பெண்களின் மூக்கில் இரத்தம் வந்ததையும் நகம் உரிந்ததையும் பெண்ணுரிமைக்காக உழைக்கும் தெனாகாநீத்தா அமைப்பினர் வெளியே கொண்டுவந்து பல ஆண்டுகள் போராடினார்கள். மலேசியாவில் பாரகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020 சனவரியில்தான். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது முறையான பாதுகாப்பு உடை. அதைத் தர வேண்டியது வேலை கொடுத்தவர்களின் கடமை. வீட்டுத் துண்டு எத்தனை நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் அந்தக் கடமைக்கு ஈடாகாது. குல்லாவும் ஆகாது, துளை நிறைந்த பின்னல், துணியைவிடவும் எளிதாகச் சாரலை உள்ளே விடும். கையால் செய்த பொருளை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி, பிடரிக் கொண்டைக்காரிக்கு ஊசியும் நூலும் கொண்டு எதைப் பின்னலாம்? எனக்கு இரண்டு வழி தெரிகிறது. குல்லாவே வேண்டுமென்றால் கோப்பியாவைப்போல உச்சியை மூடித் தொடங்குங்கள். 64 கண்ணிக்கு விரிந்து, உச்சியிலிருந்து 15 செ.மீ. இறங்கியதும், பின்பக்க நடுவில் 14 கண்ணிகளைப் பின்னாமல் தாண்டி, அதற்குப் பதில் 14 செயின் போட்டுச் சுற்றைத் தொடருங்கள். சட்டைப் பொத்தான் துளை போடும் முறைதான். அடுத்த சுற்றில் அந்தச் செயின்கள்மேல் 14 கண்ணி. பத்துப் பதினொரு செ.மீ. அகலத்தில் கிடைமட்டமாக ஒரு வாய் கிடைக்கும். பிடரிக் கொண்டை அதன் வழியே வெளியே வரும். கீழே இன்னும் நான்கைந்து சுற்றுப் பின்னினால் விளிம்பு கொண்டைக்கு அடியில் போய் நிற்கும். முடிச்சு விழுந்த அதே இடம். குல்லா மேலே ஏறாது.

ஆனால் என் தேர்வு இரண்டாவது வழிதான்: தலைத்துண்டையே பின்னுவது. கழுவக் கழுவ மென்மையாகும் ஐந்திழை மில்க் காட்டன் நூல் மலேசியாவில் 50 கிராம் பந்தாகக் கிடைக்கிறது. இரண்டு பந்தும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டையின் மேல்புறத்தைத் தொடும் குறுகிய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்: 17 ஹாஃப் டபுள். ஒவ்வொரு வரிசையிலும் இரு ஓரத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே 20 வரிசை போனால் 57 கண்ணி, ஏறத்தாழ 39 செ.மீ. அகலம். அந்த அகல விளிம்பு நெற்றிக்கு. முன்னிருந்து பின்னாக 19, 20 செ.மீ. ஆழம் வரும், இது தலைக்குத் தலை மாறும், நெற்றி முடியோரத்திலிருந்து கொண்டையின் மேல்புறம் வரை நாடாவால் அளந்து இரண்டு மூன்று வரிசை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கட்டும் வால்கள் நீங்கலாக முழுக் கணக்கும் 800 கண்ணிக்குள் அடங்கும். குல்லாவைவிட விரைவில் முடியும். பருத்தி விரிந்துகொடுத்தாலும் கவலையில்லை, இறுக்குவது முடிச்சின் வேலை. கண்ணிகளுக்கு நடுவே காற்றுப் போகும். தேங்காய் எண்ணெய் பட்டால் சவர்க்காரம் போட்டு அலசி, பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை பின்னலை நீளவாட்டில் இழுத்துவிடும்.

அகல விளிம்பின் இரு முனையிலிருந்தும் கட்டும் வால்கள் தொடங்குகின்றன. வெறும் செயினாக விட்டால் சுருண்டு அறுக்கும். செயின்மேல் ஒரு வரிசை சிங்கிள் போட்டு அகலப்படுத்துங்கள். காதுக்குப் பின்னால் போய், கொண்டைக்குக் கீழே குறுக்காக மாறி, இரட்டை முடிச்சு விழுந்தபின்னும் நுனி மிஞ்ச வேண்டும். அதற்கு ஒவ்வொரு வாலும் 30 செ.மீ. இருப்பது நல்லது.